மாமனார் சாவுக்குக் கொண்டுபோன டப்பா

ஒரு வேலையைத் தெரியாதவனால் யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை. அவன் பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்திருப்பான். அந்த வேலையை ஃபோனில் பார்த்துக் கற்றுக்கொண்டவன்தான் பயப்பட வேண்டிய ஆள். என் மகன் கவினுக்கு எட்டு மாதம் முடிந்த சமயத்தில் நான் அப்படிப்பட்ட ஆளாக இருந்தேன். அதனால் என் மாமனாரின் பிணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கத் தூக்க ஆளில்லாமல் காத்துக் கிடந்தது.

அப்போது நாங்கள் பாலக்கோட்டில் குடியிருந்தோம். என் மனைவி சுதா தனியார் பள்ளியில் ஆசிரியை. எனக்குப் பெங்களூர் கம்பெனியில் வேலை, ஆனால் வீட்டிலிருந்தே. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ஆணுக்கு வீட்டு வேலை எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கும் வந்தது. கவினுக்குக் காய்கறி ஊட்டும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஃபோன் வீடியோவில் பேசிய ஓர் அம்மணி, மசித்து ஊட்டுவதெல்லாம் பழைய காலத்து வழக்கம் என்றார். குழந்தை தானே கையில் பிடித்துத் தின்ன வேண்டுமாம். அதற்குக் காய்களை விரல் அளவு நறுக்கி வேகவைத்துத் தர வேண்டுமாம். யார் விரல் அளவு என்று அவர் சொல்லவில்லை. நான் என் விரலை வைத்து அளந்து கேரட்டை நறுக்கினேன். எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்று சொன்ன இடத்தில் விளம்பரம் வந்ததால் அதைத் தள்ளிவிட்டேன்.

கவின் அந்த அரைவேக்காட்டுக் கேரட்டை ஒரு கடி கடித்தான். பிறகு அவனிடமிருந்து சத்தம் வரவில்லை. குழந்தை அழுதால் பயப்பட வேண்டாம், சத்தமே வராவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது எனக்கு அன்று தெரிந்தது. முகம் சிவந்தது. அப்புறம் சிவப்பும் போய் வேறொரு நிறம் வந்தது. நான் ஃபோனைத் தேடினேன். (ஆமாம், ஃபோனைத்தான்.) சுதா ஓடி வந்து அவனைக் குப்புறக் கவிழ்த்துத் தன் கைமேல் போட்டு, முதுகில் தட்டினாள். துண்டு வெளியே வந்து விழுந்தது. அவன் வீறிட்டான். அதைப் போல இனிமையான ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

சுதா கத்தவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, “ஏங்க, பொழுது போவலைன்னா வேற எதுனா பண்ணுங்க. புள்ளைய உட்டுருங்க” என்றாள்.

மானமுள்ள மனிதன் அத்தோடு விட்டிருப்பான். நான் தப்பு எங்கே நடந்தது என்று இன்னும் நிறையப் படித்தேன். இட்லிப் பானையில் ஆவியில் நன்றாக வேகவைத்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் துண்டு குழைந்து போக வேண்டும், அப்போதுதான் அதற்குத் தேர்ச்சி. பிறகு இன்னும் ஒரு படி மேலே போனேன். கேரட்டையும் உருளைக்கிழங்கையும் மஞ்சள் பூசணியையும் வேகவைத்து மசித்து, கேழ்வரகு மாவு கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து, விரல் மாதிரி உருட்டி, தோசைக்கல்லில் நெய் தடவிப் புரட்டிப் புரட்டி வேகவிட்டேன். வாயில் போட்டால் கரைந்துவிடும். தொண்டையில் சிக்காது. சத்து வேறு. கவின் தின்றதைவிடத் தலையில் தேய்த்துக்கொண்டது அதிகம் என்றாலும், சிரித்துக்கொண்டே தேய்த்தான்.

பெருமை தாங்காமல் சுதா வீட்டாரின் வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போட்டேன். தட்டு நிறையக் கேழ்வரகு நிறத்தில் வரிசை வரிசையாக விரல்கள். கடத்தூரிலிருந்து என் மாமனார் குரல்பதிவாகப் பதில் அனுப்பினார். மஞ்சளும் மரவள்ளியும் விளைவிக்கிற மனிதர். மருமகனிடம் மரியாதை குறையாமல் பேசுவார். கிண்டல் செய்யும்போது மரியாதை இன்னும் கொஞ்சம் கூடும்.

“மாப்ள, ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஒரே ஒரு சந்தேகம். இது கொழந்தைக்கு உள்ள போறதுக்கு முந்தி எடுத்த படமுங்களா, வெளிய வந்த பொறவு எடுத்ததுங்களா?”

குழுவே சிரித்தது. நான் மட்டும் நார்ச்சத்தைப் பற்றி நீண்ட விளக்கம் எழுதி அனுப்பினேன். அதற்கும் சிரித்தார்கள்.

மாமனாருக்கு இரண்டு மகன்கள். சின்னவர் துபாயில். பெரியவர், அதாவது என் பெரிய மச்சான், அவரோடு கடத்தூரிலேயே இருந்து விவசாயம் பார்த்தார். பெரிய மச்சானுக்கும் கலை அக்காவுக்கும் கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை. எந்தெந்த ஊர் மருத்துவரைப் பார்த்தார்கள், எந்தெந்தக் கோயிலில் என்னென்ன வேண்டிக்கொண்டார்கள் என்பதை அவர்களே மறந்திருப்பார்கள். கடைசியில் யாழினி பிறந்தாள். கவினைவிட ஒரு மாதம் மூத்தவள். மாமனார் அவளை மடியை விட்டு இறக்கியதே இல்லை. மஞ்சள் காட்டுக்குப் போய் வந்ததும் கை கால் கழுவிவிட்டு முதலில் கேட்பது அவளைத்தான்.

அந்த வாரம் சந்தையில் பீட்ரூட் நன்றாக வந்திருந்தது. ரத்தம் ஊறும் என்று ஃபோன் அம்மணி சொல்லியிருந்தார். சனிக்கிழமை விடிகாலையில் எழுந்து, முதல் முறையாகப் பீட்ரூட் சேர்த்துப் பிசைந்தேன். பாதிக்குக் கேரட், பாதிக்குப் பீட்ரூட். கேழ்வரகு மாவு இரண்டையும் ஒரே மாதிரி கருப்பாக்கிவிட்டது. கல்லில் புரட்டிக்கொண்டிருக்கும்போது பெரிய மச்சானிடமிருந்து அழைப்பு வந்தது. மாமனார் தூக்கத்திலேயே போய்விட்டார்.

சுதாவுக்குச் சொன்னதும் அவள் தரையில் உட்கார்ந்தாள். நான் வாடகைக்கு ஒரு காரைப் பிடித்தேன். குழந்தைக்கு வேண்டியதை எடுத்து வையுங்கள் என்று அழுகைக்கு நடுவே அவள் சொன்னாள். நான் துணி எடுத்து வைத்தேன், டயபர் எடுத்து வைத்தேன், அடுப்பிலிருந்து இறக்கியதை ஒரு டப்பாவில் அடுக்கி அதையும் எடுத்து வைத்தேன்.

சாவு வீட்டில் மருமகன் பயன்பட வேண்டும். நான் பயன்படவில்லை. ஷாமியானா கட்ட ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். நான் பிடித்த பக்கம் சரிந்து ஒரு பெரியவர் தலைமேல் விழுந்தது. மாலை வாங்கிவர அனுப்பினார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைப் பார்க்காமல் வாங்கி வந்தேன். அது கல்யாண மாலை. (ஜரிகை, குஞ்சம் எல்லாம் இருந்தது.) மெதுவாக வாங்கி, மாட்டுக்கொட்டகைப் பக்கம் எங்கேயோ ஒளித்துவைத்தார்கள். அதற்குப் பிறகு, நீங்க அந்தக் கொழந்தைங்களப் பாத்துக்குங்க மாப்ள, போதும் என்று பெரிய மச்சான் சொல்லிவிட்டார்.

கவினையும் யாழினியையும் வீட்டின் பின்பக்கம் வேப்பமர நிழலில் பாய் விரித்து வைத்துக்கொண்டேன். சின்ன மச்சான் துபாயிலிருந்து வந்துதான் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆகும். அதுவரை மாமனார் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். கலை அக்கா அழுவதும் வருகிறவர்களைக் கட்டிக்கொள்வதுமாக இருந்தார். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அக்கம்பக்கத்தார் பெரியவர்களுக்கு டீயும் சாப்பாடும் கொண்டுவந்தார்கள். குழந்தைகள் ஞாபகம் யாருக்கும் இல்லை. யாழினி பசியில் கத்த ஆரம்பித்தாள். அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், அழுது அழுது அக்காவுக்குப் பாலும் சரியாக இல்லை.

என் டப்பாவை எடுத்துக்காட்டி, இதைக் கொடுக்கட்டுமா என்று கலை அக்காவிடம் கேட்டேன். என்னதுங்க தம்பி என்றார். கேழ்வரகுங்க அக்கா, காய் போட்டது என்றேன். கேழ்வரகு என்றதும் தலையாட்டினார். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் முழுதாகவும் சொல்லவில்லை. காய்களின் பெயரைக் கேட்கும் நிலையில் அவர் இல்லை.

கவினுக்குப் பீட்ரூட் பிடிக்கவில்லை. கேரட் விரலைத் தின்றான், பீட்ரூட் விரலை வாயில் வைத்ததும் தூக்கி எறிந்தான். யாழினி எதிர்மாறு. அவன் எறிந்ததையும் சேர்த்துத் தின்றாள். ஒன்று முடிவதற்குள் இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். என் சமையலை ஒருவர் கேட்டு வாங்கித் தின்றது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கியது. சாவு வீட்டில் மருமகன் கண் கலங்கியதைப் பார்த்து இரண்டு பேர் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். சாயங்காலத்துக்குள் பீட்ரூட் விரல் முழுக்க அவள் வயிற்றுக்குள் போய்விட்டது.

மறுநாள் மதியம் சின்ன மச்சான் வந்தார். விமான நிலையத்திலிருந்து வந்த கார் தெருமுனையில் நின்றது. அவர் ஓடிவந்து பெட்டிமேல் விழுந்தார். அவர் அழுதார், சுதா அழுதாள், மாமியார் மயங்கி மயங்கி எழுந்தார். பெரிய மச்சான் மட்டும் முதல் நாளிலிருந்து அழவே இல்லை. மேளத்துக்குச் சொல்வது, குழி வெட்டச் சொல்வது, வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவது என்று அலைந்துகொண்டே இருந்தார். இப்போது தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு, வெறும் உடம்போடு நின்றார். செத்தது சனிக்கிழமை என்பதால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டியிருந்தார்கள். சனிக்கிழமை போகிறவர் துணைக்கு ஓர் உயிரைத் தேடுவார், குஞ்சைக் கொடுத்துவிட்டால் வேறு யாரையும் கூப்பிட மாட்டார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்க வேண்டும், குழந்தைகளைக் கொண்டுவாங்க என்று குரல் வந்தது. டயபர் தீர்ந்து போயிருந்ததால் யாழினிக்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தேன். அவளை மடியிலிருந்து தூக்கினேன். துணி நனைந்திருந்தது. என் வேட்டியும் நனைந்திருந்தது. நல்ல சிவப்பு.

குழந்தைகளின் மலம் எந்தெந்த நிறத்தில் இருந்தால் என்னென்ன அர்த்தம் என்று ஒரு பட்டியலையே நான் ஃபோனில் படித்து வைத்திருந்தேன். மஞ்சள் பரவாயில்லை, பச்சை பரவாயில்லை, சிவப்பு என்றால் உடனே ஓடு. மூளையில் அந்த ஒரு வரி மட்டும் எரிந்தது. மற்ற எல்லா விளக்கும் அணைந்துவிட்டது. யாழினியை இரண்டு கையிலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, பிணத்தைச் சுற்றி நின்ற கூட்டத்துக்கு நடுவே ஓடி, “ரத்தம், ரத்தம்” என்று கத்தினேன்.

மேளம் நின்றது. ஒப்பாரி நின்றது. கலை அக்கா அந்தத் துணியைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்ததை அழுகை என்று சொல்ல முடியாது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே விட மறந்தவர் மாதிரி நின்றார். கூட்டத்தில் ஒரு வயதான அம்மா தாழ்ந்த குரலில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

“சனிக்கெழமை போன மனுசன். மடியிலயே வெச்சிருந்த பேத்திய உட்டுட்டுப் போவ மனசு வரலை.”

யாரோ இன்னொரு கோழிக்குஞ்சு கொண்டுவர ஓடினார்கள்.

பெரிய மச்சான் குழந்தையை வாங்கிக்கொண்டு தெருவில் ஓடினார். பின்னால் கலை அக்கா, அவர் பின்னால் நான். பிணத்தை எடுத்துச்செல்லும் வண்டி பூவெல்லாம் கட்டித் தெருவை அடைத்து நின்றது. அதன் ஓரமாக உடம்பைத் தேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போனோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊரிலிருந்த மருத்துவர் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. சின்ன மச்சானைக் கொண்டுவந்த கார் தெருமுனையில் அப்படியே நின்றது. அவருடைய பெட்டிகளைக்கூட இன்னும் இறக்கவில்லை. அதில் ஏறித் தருமபுரிக்கு விடச் சொன்னோம். அப்பாவைப் பாடைமேல் விட்டுவிட்டுத் தலைமகன் போகிறான் என்று யாரும் தடுக்கவில்லை. இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும் என்று மட்டும் ஒருவர் பின்னாலிருந்து நினைவூட்டினார்.

கார் கிளம்பியது. யாழினி நன்றாக இருந்தாள். அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது. அப்பாவின் ஈர மார்பில் ஒட்டியிருந்த ஒரு ரோஜா இதழை எடுத்து வாயில் வைக்கப் பார்த்தாள். போகிற லாரிகளை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கை தட்டினாள். கலை அக்கா அவள் மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். கை தட்டுகிற குழந்தைக்கு மூச்சு வரும் என்று யோசிக்கிற நிலையில் நாங்கள் மூவருமே இல்லை.

பாதி வழியில் கலை அக்கா முன்சீட்டில் இருந்த என்னைக் கேட்டார். “மாமா கூப்புட்டுக்கிட்டாருங்களா தம்பி?”

படித்தவன் என்பதால் என்னைக் கேட்கிறார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியெல்லாம் இருக்காதுங்க அக்கா என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. பெரிய மச்சான் குழந்தையின் பாதத்தை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தார்.

மருத்துவமனையில் அவரைப் பார்த்தவர்கள் வழிவிட்டார்கள். விரலில் தர்ப்பை மோதிரம், நெற்றியில் திருநீறு, மேலே சட்டை இல்லை. எங்கிருந்து எழுந்து வந்திருக்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை. பணியில் இருந்த மருத்துவர் ஓர் இளம் பெண். யாழினியைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். யாழினி அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவோம், வயிற்றை ஸ்கேனும் செய்யலாம் என்றார். நர்ஸ் அந்தச் சின்னக் கையைப் பிடித்து நரம்பைத் தேட ஆரம்பித்தார். கலை அக்கா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். தாய்ப்பாலுங்க, நேத்து கொஞ்சம் கேழ்வரகுங்க, வேற ஒண்ணும் இல்லைங்க என்று சுவரைப் பார்த்தபடியே அக்கா சொன்னார்.

நான் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ஒரு ரோஸ் நிறக் கோடு. முதல் நாள் விடிகாலையிலிருந்து இருக்கிறது. குங்குமம் என்று நினைத்திருந்தேன். அதைப் பார்த்தேன். குழந்தையின் துணியைப் பார்த்தேன். மறுபடியும் நகத்தைப் பார்த்தேன். தரை இரண்டாகப் பிளந்தால் இறங்கிவிடத் தயாராக இருந்தேன். மருத்துவமனைத் தரை, நல்ல டைல்ஸ், பிளக்கவில்லை. ஊசி குழந்தையின் கையருகே வந்துவிட்டது.

“ஒரு நிமிசங்க மேடம்” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்தத் தின்பண்டத்தை விளக்க ஆரம்பித்தேன். குழந்தை தானே பிடித்துத் தின்பது, தசைகளுக்கு நல்லது, ஆவியில் வேகவைத்தது என்று ஃபோன் அம்மணி பேசியதையெல்லாம் பேசினேன். மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதில் என்ன காய் போட்டீர்கள் என்றார். உருளைக்கிழங்கு என்றேன். பூசணி என்றேன். கேரட் என்றேன். என் கட்டைவிரலை மடக்கிக்கொண்டேன்.

“அப்புறம்?”

“பீட்ரூட்டுங்க.”

“எவ்ளோ?”

“எல்லாமேங்க” என்றேன்.

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது. மருத்துவர் அந்தத் துணியை இன்னொரு தடவை விளக்கடியில் விரித்துப் பார்த்தார். ஒரு சோதனைத் தாளை வைத்தும் பார்த்தார். பிறகு, ரத்தம் இல்லை, குழந்தைக்கு ஒன்றும் இல்லை, நாளைக்கும் கொஞ்சம் சிவப்பாகத்தான் போகும், பயப்பட வேண்டாம் என்றார். வெளியே போகும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு போனார்.

பெரிய மச்சான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். காட்டு வேலை செய்த கை. ஓர் அறை விழுந்தால் நான் அங்கேயே படுக்கை போட்டுச் சேர்ந்துவிடலாம், வசதிதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“மாப்ள, அப்பா கேட்டாருங்களே. உள்ள போறதுக்கு முந்தியா, வெளிய வந்த பொறவான்னு.” மறுபடியும் சிரித்தார். “அப்பாகிட்ட இதச் சொன்னா...”

அதோடு நின்றுவிட்டது. சொல்வதற்கு அப்பா இல்லை என்பது அந்த வாக்கியத்தின் பாதியில்தான் அவருக்கு உறைத்தது போல. சிரித்த வாய் அப்படியே கோணிப் போயிற்று. முதல் நாளிலிருந்து ஓடிக்கொண்டே இருந்த மனிதர், அந்த பெஞ்சில் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி சத்தம் போட்டு அழுதார். வராந்தாவில் போனவர்கள் உள்ளே யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கி நடந்தார்கள். அவர்கள் நினைத்ததும் சரிதான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளில் கை வைக்கலாமா என்று யோசித்து, அந்தக் கையின் நகத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டேன்.

கலை அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். “தம்பி, நீங்க நல்லவருங்க. ஆனா எம்புள்ளைக்கு இனிமே ஒண்ணும் குடுக்காதீங்க” என்றார். சரிங்க அக்கா என்றேன்.

ஊருக்குச் சொல்ல வேண்டுமே. சுதாவின் ஃபோனுக்கு அழைத்தேன். யாரோ எடுத்து ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, ரத்தம் இல்லை என்றேன். அப்புறம் என்ன சிவப்பு என்று ஒரு குரல். பீட்ரூட் என்றேன். சிக்னல் சரியில்லை. எந்த ரூட்டுல வர்றீங்க என்றார்கள். ரூட் இல்லைங்க, பீட்ரூட் என்றேன். அந்த ரூட்டுல வேலை நடக்குது, வராதீங்க என்று இன்னொருவர் வழி சொன்னார். கடைசியில் மருத்துவமனை வராந்தாவில் நின்று, “காய்ங்க, பொரியல் பண்ற காய்” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். ஒப்பாரி மறுபடி தொடங்கியபோது, பேத்தி பிழைத்து வந்ததை ஒரு வரியில் சேர்த்துப் பாடினார்களாம். காயின் பெயரைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் என் வேட்டியைப் பார்த்தார்கள். கலை அக்கா யாழினியின் கையைப் பிடித்துப் பந்தத்தைப் பிடிக்கவைத்துச் சுற்றிவந்தார். சுதா கவினோடு அவர் பின்னால் போனாள். என் பக்கம் திரும்பவில்லை. மாமியார் பேத்தியை வாங்கி உச்சந்தலையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார். அழுது வீங்கிய கண்ணோடு என்னைத் தேடி வந்தார். என்ன கேட்கப் போகிறாரோ என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“மத்தியானம் சாப்புட்டீங்களா மாப்ள?” என்றார்.

அவர் அறைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட்டோம். நான் தோள் கொடுக்கப் போனேன். வேண்டாம், நீங்க முன்னாடி நடங்க போதும் என்றார்கள்.

கருமாதிக்கு முந்தின நாள், சுதாவின் சித்தி ஃபோன் செய்து, எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னார்: மாப்பிள்ளைய வெறுங்கையோட வரச் சொல்லு. அவ்வளவுதான். அது எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், எதற்கு அழைத்தாலும் கடைசியில் அந்த வரி உண்டு. அதற்குப் பின்னால் பிறந்த குழந்தைகளின் அம்மாக்கள்கூட, நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் இரண்டு கையையும் பார்க்கிறார்கள். சாவுச் செய்தியிலும் அது நுழைந்துவிட்டது. யார் போனார், எப்போது எடுக்கிறார்கள் என்று சொல்லி முடித்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, மாப்பிள்ளை வெறுங்கையோட வந்தாப் போதுமுங்க என்பார்கள். யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளும் சொல்கிறாள், ஏன் என்று தெரியாமலே.

மாமியார் ஒரு வருடமாகப் படுக்கையில் இருந்தார். இந்தத் தை மாதம் ஒரு காலையில், கவினுக்கு நான் பள்ளிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது பெரிய மச்சானிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. மாப்ள என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். சொல்ல வந்ததை அவரால் சொல்ல முடியவில்லை என்று புரிந்தது.

“மாப்ள” என்றார் கடைசியாக, “வெறுங்கையோட வாங்க.”

நான் அடுப்பை அணைத்தேன். சுதா தலை வாரிக்கொண்டே எட்டிப் பார்த்து, யாருங்க என்றாள். உங்க அண்ணன் என்றேன். என்ன சொன்னாரு என்று கேட்டாள். எனக்கும் வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அவர் சொன்னதையே சொன்னேன். அழுவதற்கு முன்னால், ஒரு நொடி, அவள் சிரித்துவிட்டாள்.